குட்டி படுக்கும் உயரம்

நெம்மேலி
4.11.2024

ஜாக்குலினுக்கு,

பிரபா எழுதுகிறேன். இனிமேல் போன் பண்ணாதே என்று சொல்லிவிட்டுப் போனாய். எழுதாதே என்று சொல்லவில்லை. உன் விலாசத்தை உங்கள் பாஸ்டர் வீட்டம்மாவிடம் வாங்கினேன். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. மூன்று ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் நின்று நான்தான் நச்சரித்தேன்.

ஓரகத்தியாக எழுதவில்லை. ஆடு வளர்க்கிறவளாக எழுதுகிறேன், அப்படியே படி.

கொட்டகையில் நாற்றம் தாங்க முடியவில்லை. மழை பிடித்து இருபது நாள் ஆகிறது. இப்போது முப்பத்தொரு உருப்படி நிற்கிறது, அதில் பன்னிரண்டு குட்டி. நாலு குட்டிக்கு மூக்கு ஒழுகுகிறது. இரண்டு இருமுகிறது. மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டார். ஊசி மட்டும் போட்டால் ஆகாது, தரையைக் காய வையுங்கள் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எப்படிக் காய வைப்பது என்று சொல்லவில்லை. தினமும் காலையில் மேலே கிடப்பதை அள்ளிக் கொட்டிவிட்டு உமி போடுகிறேன். மத்தியானத்துக்குள் நசநசவென்று ஆகிவிடுகிறது. நாற்றம் போகட்டும் என்று சுண்ணாம்பு தூவினேன். அதற்குப் பிறகு கண் இன்னும் அதிகமாகக் கரிக்கிறது.

நீ இருந்த வருஷங்களில் மழைக்காலத்தில் நம் கொட்டகை நாறியதில்லை. எதிர்வீட்டு ஆராயி, "உள்ள ஆடு கீதா, இல்ல வித்துட்டீங்களா?" என்று கிண்டல் பண்ணுவாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாண்டஸ் புயல் வந்த அந்த ஒரு வாரம் மட்டும்தான் நாறியது.

தீவனமும் மருந்தும் என் பாடு, தரை உன் பாடு என்று பிரித்துக்கொண்டோம். தரையில் என்ன வேலை இருக்கிறது, கூட்டி அள்ளுவதுதானே என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ என்ன செய்தாய் என்று ஒரு நாளும் நின்று பார்க்கவில்லை. இப்போது கேட்கிறேன். என்ன செய்தாய்?

பதில் போட இஷ்டம் இல்லையென்றால் விட்டுவிடு. பன்னிரண்டு குட்டி என்பதை மட்டும் இன்னொரு தடவை எழுதுகிறேன்.

பிரபாவதி


பொத்தேரி
11.11.2024

பிரபாவதி அவர்களுக்கு,

கடிதம் வந்தது. நான் சமைக்கிற ஹாஸ்டலின் வார்டன் கொண்டுவந்து கொடுத்தார். இந்தக் காலத்தில் உங்களுக்கு யார் லெட்டர் போடுகிறார்கள் என்று கேட்டார். ஊரில் தெரிந்தவர்கள் என்று சொன்னேன்.

கேட்டதற்குப் பதில்.

முதலில் சுண்ணாம்பை நிறுத்துங்கள். புழுக்கையும் மூத்திரமும் ஊறிக் கிடக்கிற இடத்தில் சுண்ணாம்பு விழுந்தால் கண்ணைக் கரிக்கிற அந்தக் காரக் காற்று இன்னும் வேகமாகக் கிளம்பும். முழுக்க வழித்துக் காயவிட்ட வெறுந்தரையில் போடுவதற்குத்தான் சுண்ணாம்பு.

மழை நிற்கிறவரை தினமும் அள்ளாதீர்கள். நீங்கள் அள்ள அள்ள அடியில் இருக்கிற ஈரத்தைத்தான் மேலே கொண்டுவருகிறீர்கள். கிடப்பதன்மேலேயே காய்ந்ததைப் போட்டுக்கொண்டு வாருங்கள், மெத்தைமாதிரி. சதசதப்பான இடத்தை மட்டும் தோண்டி எடுத்துவிட்டு அங்கே கனமாகப் போடுங்கள். உமி சரியாக ஈரம் குடிக்காது. எண்ணெய் செக்கிலிருந்து கடலைத் தோல் வாங்கி அடியில் போட்டு, மேலே சவுக்குச் சருகு பரப்புங்கள். ஒரு பிடி அள்ளிப் பிழிந்து பார்த்தால் தெரிந்துவிடும். தண்ணீர் சொட்டக் கூடாது. கையை விரித்தால் உதிர வேண்டும்.

தண்ணீர்த் தொட்டியை நான் வெளியே மணல்மேல் வைத்திருந்தேன். மழைக்கு நீங்கள் உள்ளே இழுத்திருப்பீர்கள். பாதி ஈரம் அதிலிருந்து வருவதுதான்.

இன்னொன்று. வாசலில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு நாற்றம் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். நிற்கிற நமக்கு ஒரு காற்று, படுக்கிற குட்டிக்கு ஒரு காற்று. குட்டி படுத்திருக்கிற இடத்தில் முட்டி போட்டு, அதன் முகத்துக்குப் பக்கத்தில் உங்கள் முகத்தை வையுங்கள். நான் கர்த்தருடைய ஜெபத்தை ஒரு முறை மெதுவாகச் சொல்லி முடிக்கிறவரை அப்படியே இருப்பேன். நீங்கள் உங்கள் சாமியை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கண்ணில் தண்ணீர் வந்தால் அந்தக் குட்டி அன்று முழுக்க அதைத்தான் மூச்சாக இழுக்கிறது என்று அர்த்தம்.

ஆடுகளுக்காக எழுதினேன். வேறு எதற்கும் இல்லை.

ஜாக்குலின் ஜெயக்குமார்

அந்த மச்சக் காது ஆடு இருக்கிறதா, விற்றுவிட்டீர்களா?


நெம்மேலி
18.11.2024

ஜாக்கு,

மச்சக் காது இருக்கிறது. போன மாதம் இரட்டைக் குட்டி போட்டது. இரண்டும் கிடா, செக்கச்சிவந்த நிறம். மூக்கு ஒழுகுகிற நாலில் இதன் குட்டி ஒன்று உண்டு.

நீ எழுதியபடி முட்டி போட்டுப் பார்த்தேன். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, யாராவது பார்த்தால் ஆட்டை விழுந்து கும்பிடுகிறாள் என்பார்கள் என்று. கங்கையம்மனை நினைத்துக்கொண்டு முகத்தைக் கீழே கொண்டுபோனேன். பத்து எண்ணுவதற்குள் எழுந்துவிட்டேன். தொண்டையில் மிளகாய் அரைத்து விட்ட மாதிரி இருந்தது. அந்தக் குட்டி என்னைப் பார்த்துக்கொண்டே அசையாமல் படுத்திருந்தது.

தொட்டியை வெளியே வைத்துவிட்டேன். உள்ளேதான் இழுத்திருந்தேன், நீ சொன்னது சரி. கடலைத் தோல் திருக்கழுக்குன்றத்துச் செக்கில் கிடைத்தது. சருகுக்குத் தோப்புக்கு நான் மட்டும் போனேன். இரண்டு மழைக்கு நடுவில் ஒரு நாள் நல்ல வெயில் அடித்தது, அன்று வாரினால்தான் உண்டு.

அந்தச் சவுக்குத் தோப்புக்குள் உன் நினைவு வராமல் எப்படி இருக்கும் சொல். நீ கல்யாணமாகி வந்த முதல் மாதம் நான்தான் உன்னைச் சாக்கோடு அங்கே கூட்டிப் போனேன். ஆட்டைக் கண்டாலே நாலடி தள்ளி நிற்பாய். ஆனால் தரையில் கிடந்த சருகைக் கையால் தடவிப் பார்த்து, "இது நம்ம பாயவிட மெத்துனு கீதுக்கா" என்று அதிலேயே படுத்துக்கொண்டாய். காவலாள் விசில் அடித்துக்கொண்டு வந்தான். நீ எழுந்திருக்கவில்லை. நான் சாக்கை உன்மேல் போட்டு மூடிவிட்டு, தனியாகத்தான் வந்தேன் என்று அவனிடம் சாதித்தேன். சாக்கு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. அவனும் சிரித்துவிட்டுப் போனான்.

கடல்தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற ஆலைக்குப் பக்கத்திலிருந்த தோப்பில் இப்போது பாதி இல்லை. நாம் உட்கார்ந்து புளிச்சோறு தின்கிற மேடு மட்டும் இருக்கிறது. இரண்டு சாக்கு நிரப்பிவிட்டு அங்கே உட்கார்ந்தேன். தலையில் தூக்கிவிட ஆள் இல்லாமல் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு வந்தேன்.

இருமல் ஒரு குட்டிக்கு நின்றிருக்கிறது. எங்கள் வீட்டுக்காரருக்கு, அதுதான் உன் மாமாவுக்கு, உடம்பு தேவலை. கல்பாக்கம் வேலைக்குப் போகிறார்.

பிரபா


பொத்தேரி
25.11.2024

பிரபாவதி அவர்களுக்கு,

நீங்கள் சவுக்குத் தோப்பைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் சிரித்ததை எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு ஞாபகம் எங்கே வரைக்கும் இருக்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

எனக்கு முழுக்க ஞாபகம் இருக்கிறது. மாண்டஸ் அடித்த மறுவாரம் ஒன்பது குட்டி செத்தது. கடைசி மூன்றையும் ஒரே காலையில் வெளியே எடுத்து வைத்தேன். நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தீர்கள். மாமாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன், நீங்கள் ஒரு வாரமாகத் தூங்கவில்லை, எல்லாம் எனக்குத் தெரியும். தெருக்குழாயில் எல்லாரும் குடத்தோடு நின்றிருந்தார்கள். அத்தனை பேர் நடுவில் சொன்னீர்கள்: "உனக்குப் பெத்ததையும் வெச்சுக்கத் தெரியல, குடுத்ததையும் வெச்சுக்கத் தெரியல."

வேறு யார் சொல்லியிருந்தாலும் நான் திருப்பிச் சொல்லியிருப்பேன். என் பெண் குழந்தை இரண்டு நாள்தான் இருந்தது. அந்த இரண்டாம் நாள் அதை உங்கள் சேலையில் சுற்றி மடியில் வைத்திருந்தவர் நீங்கள். எனக்கு மயக்கம் தெளிவதற்குள் அது போய்விட்டது. அது கண் திறந்ததா என்று உங்களைத்தான் கேட்டேன். திறந்தது, உன்னை மாதிரியே முறைத்தது என்றீர்கள். நான் என் மகளைப் பார்த்ததெல்லாம் உங்கள் வாய் வழியாகத்தான். அதே வாய்.

அன்றைக்குச் சாயங்காலமே நாங்கள் கிளம்பிவிட்டோம். இவர் இரண்டு வருஷமாக அவருடைய அண்ணன் பெயரை எடுப்பதில்லை. நான் எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

புயல் வரப்போகிறது என்று செய்தியில் சொல்கிறார்கள். அதனால்தான் இதைத் தாமதிக்காமல் எழுதுகிறேன். கடல் பக்கத்துத் தார்ப்பாயை மட்டும் கட்டுங்கள். மேற்குப் பக்கத்தில் கூரைக்குக் கீழே ஒரு முழம் திறந்தே இருக்கட்டும். சாரல் அடிக்கிறது, குட்டி நனைகிறது என்று மனசு அடித்துக்கொண்டாலும் மூடாதீர்கள். உள்ளே காய்ந்த படுக்கை இருந்தால் அந்தச் சாரல் ஒன்றும் செய்யாது. காற்று இல்லாவிட்டால்தான் சாகும்.

ஜாக்குலின்


நெம்மேலி
4.12.2024

ஜாக்கு,

பன்னிரண்டும் உயிரோடு இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பெஞ்சல் புயலுக்கு முந்தின நாள் உன் கடிதம் வந்தது. கடல் பக்கம் கட்டினோம். மேற்குப் பக்கம் திறந்து வைத்தோம். சனிக்கிழமை பகல் முழுக்க அடித்த மழையில் நான் அந்தத் திறந்த முழத்துக்குக் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். உன் மாமா இரண்டு தடவை தார்ப்பாயையும் கயிற்றையும் தூக்கிக்கொண்டு வந்தார். "குட்டி வெறச்சிப் போவுதுடி, மூடிடலாம்" என்றார். நான் விடவில்லை. கடைசியில் எனக்கே பொறுக்காமல் எழுந்து கயிற்றை வாங்கிவிட்டேன். முடிச்சுப் போடுகிறபோது என் கை நின்றுவிட்டது.

அந்த முடிச்சை நான் முன்பும் போட்டிருக்கிறேன்.

மாண்டஸ் வருவதற்கு முன்னால் உன் மாமாவைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போகிற அவசரத்தில் இரண்டு பக்கத்தையும் இழுத்துக் கட்டியது நான். புயல் போன மூன்றாம் நாள் மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். நீ மேற்குப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாய். மழை தூறிக்கொண்டிருந்தது. உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் திரும்பவும் கட்டினேன். சாதாரண முடிச்சு இல்லை, கம்பி போட்டு முறுக்கினேன், நீ அவிழ்க்கக் கூடாது என்று. அதில் கை வைத்தால் நடக்கிறதே வேறு என்று உன்னை மிரட்டிவிட்டுப் பஸ் ஏறினேன்.

அதற்கு மறுநாளிலிருந்துதான் குட்டிகள் சாக ஆரம்பித்தன. இரண்டு வருஷமாக நான் அதைச் சேர்த்துப் பார்த்ததே இல்லை. உன் தரை சரியில்லை, நீ படுக்கை மாற்றவில்லை என்றே எல்லாரிடமும் சொன்னேன். சனிக்கிழமை கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, நனைந்தபடியே மச்சக் காதின் குட்டிக்குப் பக்கத்தில் முட்டி போட்டேன். அத்தனை மழையிலும் கண் கரிக்கவில்லை. அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. தரையில் உன் குற்றம் ஒன்றும் இல்லை. குட்டிகளைக் கொன்றது நான் கட்டின தார்ப்பாய்.

ஆனால் அது ஆட்டுக் கணக்கு. இன்னொன்று இருக்கிறது. குழாயடியில் நான் சொன்னதை நான் மறக்கவில்லை. உனக்கு எழுதும்போது பேனா அந்த இடத்துக்கு வந்தால் தோப்புக்குள் ஓடிவிடுகிறது. அந்தக் குழந்தையை நான் மடியில் வைத்திருந்தேன். அது கண் திறந்ததும் நிஜம், முறைத்ததும் நிஜம். உன்னைச் சமாதானப்படுத்தச் சொன்னதில்லை. அதைப் பார்த்த நான்தான் அப்படிப் பேசினேன். என்னை மன்னித்துவிடு என்று எழுதுகிறேன். நீ மன்னிக்காவிட்டால் அதுவும் நியாயம்தான்.

பிரபா


பொத்தேரி
22.12.2024

அக்கா,

கிறிஸ்துமஸுக்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்று இரண்டு வாரமாக உட்காருகிறேன். பிள்ளைகள் எல்லாம் லீவுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள், மெஸ் காலியாக இருக்கிறது. இன்று சாக்குச் சொல்ல எதுவும் இல்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் ஜெயித்தேன் என்றுதான் முதலில் தோன்றியது. படித்துவிட்டு அதை இவரிடம் காட்டலாம் என்று எழுந்தேன். பாதி வழியில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் எழுதியது முழு உண்மை இல்லை. மீதி என்னிடம் இருக்கிறது.

நீங்கள் கம்பி முறுக்கிவிட்டுப் போன அன்றே எனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் குட்டிகளுக்குப் பக்கத்தில் முட்டி போட்டேன். ஜெபத்தில் பாதிகூட வரவில்லை. வீட்டில் கட்டிங் பிளேயர் இருந்தது, கொட்டகைக் கூரையில் சொருகி வைத்திருந்த கத்தி இருந்தது. ஒரே இழுப்பில் அறுத்திருக்கலாம். நான் அறுக்கவில்லை.

பயந்து விட்டேன் என்று சொல்லலாம். பயம் இல்லை. எனக்கு வீம்பு. நாலு வருஷமாகத் தரையைப் பார்க்கிறவள் நான், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கட்டிவிட்டுப் போனீர்கள் அல்லவா, நடக்கட்டும், நாலு குட்டி இருமட்டும், டாக்டர் வந்து உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லட்டும் என்று இருந்தேன். இருமும் என்றுதான் நினைத்தேன். சாகும் என்று நினைக்கவில்லை. முதல் குட்டி செத்ததும் ஓடிப்போய் அறுத்தேன். அதற்குள் எல்லாவற்றுக்கும் மார்பில் இறங்கிவிட்டது. நீங்கள் வந்து பார்த்தபோது தார்ப்பாய் திறந்திருந்தது, உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? அதனால்தான் உங்களுக்குக் கட்டியதே மறந்துபோயிருக்கும்.

குழாயடியில் நீங்கள் சொன்னபோது நான் வாய் திறக்காததற்கு அதுவும் ஒரு காரணம். வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்றீர்கள். குட்டிகள் விஷயத்தில் அது உண்மை என்று எனக்குத் தெரியும். அந்த உண்மையை என் மகளோடு சேர்த்துச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

இதை இவரிடம்கூட நான் சொன்னதில்லை.

ஜாக்கு


நெம்மேலி
20.1.2025

ஜாக்கு,

பதில் போட ஒரு மாதம் ஆகிவிட்டது. வேலை என்று பொய் சொல்லப்போவதில்லை. எனக்கு உன்மேல் கோபம். கத்தி கூரையிலேயே இருந்தது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த நாளிலிருந்து கொட்டகைக்குள் போகும்போதெல்லாம் கண் கூரைக்குப் போகிறது. இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் வீம்பு பிடித்துக்கொண்டு நின்றோம், நடுவில் ஒன்பது வாயில்லா ஜீவன் போயிற்று. உன்னைத் திட்டி ஒரு கடிதம் எழுதினேன். அதை எடுத்துக்கொண்டு தபால் பெட்டிவரை போனேன். போடவில்லை. என் கையில்தானே கம்பி இருந்தது.

பொங்கலுக்கு மறுநாள் குழாயடியில் எல்லாரும் இருந்தார்கள். ஆராயி, சந்திரம்மா, புதிதாக வந்திருக்கிற மருமகப் பெண்கள், எல்லாரும். அன்றைக்கு நீ நின்ற அதே இடத்தில் என் குடத்தை வைத்துவிட்டுச் சொன்னேன்: "அந்தக் குட்டிங்க செத்ததுக்கு நான் போட்ட கட்டுதான் காரணம். ஜாக்குலின நான் பேசுனது பாவம். அவ கொழந்தய பத்தி நான் பேசியிருக்கவே கூடாது." உன் பாதியை நான் சொல்லவில்லை. அது உன்னுடையது.

குழாயை யாரும் மூடவில்லை. தண்ணீர் பாட்டுக்கு நிரம்பி வழிந்தது. சந்திரம்மாதான் கடைசியில், "அந்தப் பொண்ணு எப்ப வர்து?" என்று கேட்டாள்.

அதைத்தான் நானும் கேட்கிறேன். வந்து இருக்கச் சொல்லவில்லை. மழை முடிந்தது. படுக்கை முழங்கால் உயரத்துக்கு ஏறிவிட்டது. அடுத்த மாதம் தோண்டி எடுக்க வேண்டும். எப்படி எடுப்பது, எங்கே குவிப்பது, குவியலை எத்தனை நாளைக்கு ஒரு முறை புரட்டுவது என்று எனக்குத் தெரியாது. அதைக் கடிதத்தில் எழுதினால் போதும்தான். ஆனால் வா.

கூரையில் இருந்த கத்தியை எடுத்துச் சமையலறையில் வைத்துவிட்டேன். கொட்டகையில் இனி கம்பி கிடையாது. ஒற்றைச் சுருக்குதான். யார் இழுத்தாலும் அவிழும்.

பிரபா


பொத்தேரி
18.2.2025

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டிலிருந்து திரும்பிப் பஸ் ஏறியது பற்றி முதலில். கேளம்பாக்கத்தில் வண்டி மாறினேன். உட்கார இடம் இருந்தது. என் பக்கத்தில் உட்கார வந்த ஒரு காலேஜ் பெண் மூக்கைத் தடவிக்கொண்டு பின்னால் போய்விட்டாள். அடுத்து வந்த அம்மாவும் அப்படியே. பொத்தேரிவரை இரண்டு ஆள் சீட்டில் நான் மட்டும் ராணிமாதிரி வந்தேன். நீங்கள் சீயக்காய் போட்டுக் குளிக்கச் சொன்னீர்கள். நான்தான் கேட்கவில்லை.

இரண்டு நாள் மண்வெட்டி பிடித்ததில் உள்ளங்கையில் ஆறு கொப்புளம். கரண்டி பிடிக்க முடியாமல் திங்கட்கிழமை சாம்பாரை இடது கையால் கிண்டினேன். ஆனால் அக்கா, அந்தக் கடைசி அடுக்கைத் தோண்டினோமே, கருப்பாக, பொலபொலவென்று, கை வைத்தால் வெதுவெதுப்பாக. நாற்றமே இல்லை. மழை பெய்த மண்மாதிரி ஒரு வாசனை. நீங்கள் ஒரு பிடி அள்ளிப் பிழிந்து, விரித்து, உதிர்ந்ததும் என்னைப் பார்த்தீர்கள். பரீட்சையில் பாஸ் ஆன பிள்ளைமாதிரி. நம் முதல் வருஷத்தில்கூட இவ்வளவு நல்ல எரு வந்ததில்லை.

குவியலை மாதம் ஒரு முறை புரட்டுங்கள். மேலே தென்னங்கீற்று விலகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வெயிலும் மழையும் நேராகப் படக்கூடாது. சித்திரை கடைசியில் எருவை விற்க மல்லித் தோட்டத்துக்காரர்களைக் கூப்பிடலாம். வழித்த தரையைப் பத்து நாள் காயவிட்டுப் பிறகு சுண்ணாம்பு. அப்போது போடலாம்.

நாம் அந்தப் பேச்சைப் பேசவே இல்லை என்பதைப் பஸ்ஸில்தான் யோசித்தேன். சனிக்கிழமை காலையில் வந்தேன், நீங்கள் மண்வெட்டியை நீட்டினீர்கள், வாங்கிக்கொண்டேன். பேசுவதற்கு நிறையத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். சாயங்காலம் இரண்டு பேரும் சேலையோடு கடலில் இறங்கினபோது, என் முதுகில் ஒட்டியிருந்ததை நீங்கள் தேய்த்து விட்டீர்கள். அலை ஒன்று வந்து இரண்டு பேரையும் உருட்டிவிட்டது. அதற்கு மேல் சொல்வதற்கு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

நான் அங்கே வந்து இருக்கமாட்டேன், அக்கா. இங்கே நாற்பத்தைந்து பெண்கள் என் சமையலுக்குப் பழகிவிட்டார்கள். ஒரு பெண் பரீட்சைக்கு முன்னால் என் கையால்தான் தோசை வேண்டும் என்கிறாள். ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிறு வருவேன். தரையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு வந்துவிட்டது. நான் முட்டி போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்புவேன்.

என் பாதியை இவரிடம் சொல்லிவிட்டேன். நேற்று சாப்பாட்டின்போது சொன்னேன். தட்டை ஓரமாக நகர்த்தினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். என் கையைப் பிடித்துத் திருப்பிக் கொப்புளங்களைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

"அண்ணன் வயித்து வலி இப்ப எப்டி கீது?"

எனக்குத் தெரியாது, நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். நம்பர் இருக்காது என்று நினைத்தேன். அழிக்காமல்தான் வைத்திருந்திருக்கிறார். இதை நான் எழுதிக்கொண்டிருக்கிறபோது மாடிப்படியில் நின்று பேசிக்கொண்டிருக்கிறார். என்ன பேசுகிறார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. மாமா உங்களிடம் சொல்லியிருப்பார். இங்கிருந்து எனக்குக் காதில் விழுவதெல்லாம் ஒரே ஒரு வார்த்தைதான். கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை, 'அண்ணாத்த', 'அண்ணாத்த' என்று.

ஜாக்கு